நிழல் ஒடுக்கில் ஈஸ்வரமூலி வளர்த்த அனுபவம்

வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் ஐந்தாறு அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம், மேலே பக்கத்து வளவு மாமரமும் எங்கள் வேம்பும் கவிந்து நிற்கின்றன, காலையில் கொஞ்ச நேரம் வெயில் சரிந்து விழும், அதற்குப் பிறகு பொழுதுபடும்வரை நிழல்தான். திருகோணமலையில் வளவோடு வீடு வைத்திருப்பவர்கள் பலரிடம் இப்படி ஓர் இடம் இருக்கும். கத்தரி, மிளகாய் வைத்தால் நெடுநெடுவென்று வளர்ந்து பூக்காமல் நிற்கும். ரோசா வைத்தால் இலையில் கரும்புள்ளி விழுந்து கொட்டிப்போகும். கடைசியில் உடைந்த கதிரையும் மிஞ்சிய ஓடும் போட்டு வைக்கிற இடமாகிவிடும். அந்த இடத்தில் ஈஸ்வரமூலி வையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உவர்மலைப் பக்கத்தில் எங்கள் வீட்டில் சில வருடங்களாக அதை வளர்க்கிறேன். மாரி ஓய்ந்து வெயில் திரும்புகிற நாட்களில் அந்த ஒடுக்குக்குள் கறுப்பும் சிவப்புமாக வண்ணத்துப்பூச்சிகள் தாழப் பறந்து திரிவதைப் பார்க்கும்போது, எங்கள் வளவில் இதைவிடப் பெறுமதியான இடம் இல்லை என்றுதான் நினைப்பேன்.

ஈஸ்வரமூலி நம் நாட்டுக்கும் இந்தியாவுக்கும் சொந்தமான சுற்றுக்கொடி. தாவரவியலில் அரிஸ்டோலோகியா இண்டிகா என்பார்கள். பெருமருந்து, கருடக்கொடி என்றும் நம்மவர்கள் சொல்வதுண்டு, சிங்களத்தில் சப்சந்த. நாற்றுமேடையில் கேட்கும்போது இந்தக் கடைசிப் பெயரைச் சொன்னால் சட்டென்று விளங்கிக்கொள்கிறார்கள். மேலே மெல்லிய கொடி, மண்ணுக்குள் கட்டை பிடித்த வேர். கோடையில் கொடி பாதி காய்ந்தாலும் சரி, இந்த இலையையே உணவாகக் கொண்ட அந்த வண்ணத்துப்பூச்சிகளின் புழு தின்று மொட்டையாக்கினாலும் சரி, வேர் உயிரோடு இருந்தால் திரும்பத் தளிர்க்கும். இது பல வருடம் இருக்கிற செடி, ஒரு போகத்துப் பயிர் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொண்டால் இதை வளர்ப்பதில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பதில் பலர் தடுமாறுவது இலையில்தான். ஒரே கொடியில் ஓர் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், இன்னொன்று நுனிப்பக்கம் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அதனால் இலையின் உருவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கசக்கி முகர்ந்தால் ஒரு காட்டமான மருந்து வாசம் வரும். பூவைக் கண்டுவிட்டால் சந்தேகமே இல்லை: வெளிறிய பச்சையில் சிறு பூ, அடியில் உருண்ட வீக்கம், அதன் மேல் ஒடுங்கிய குழாய், குழாயின் வாயில் ஒருபக்கமாக நீண்ட ஊதாக்கபிலம் பூசிய நாக்கு. குழாய்க்குள் கீழ்நோக்கிய மயிர்கள் இருக்கும். சிறு ஈ ஒன்று உள்ளே இறங்கினால் ஏற முடியாது. அந்த மயிர்கள் வாடிய பிறகுதான் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியே வரும். பூ ஒன்றைப் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டினால் உள்ளே ஈ சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து அதிசயப்படுவார்கள். ஆடுதின்னாப்பாளை இதன் உறவுதான், ஆனால் அது தரையில் படரும், வெயிலையும் வறண்ட மணலையும் விரும்பும், இலை அகன்று அடியில் உள்வளைந்திருக்கும். நிழலுக்கு வேண்டியது ஈஸ்வரமூலி.

எனக்கு விதை கிடைத்தது தம்பலகாமத்தில், பெரியம்மா வீட்டுக் கதியால் வேலியில். பூவரசும் கிளுவையும் நட்ட பழைய வேலி, அதன் அடியில் வயல்பக்கத்து ஈரம், மேலே நிழல், ஒருவரும் கைவைக்காமல் கொடி தன்பாட்டில் சுற்றிக் கிடந்தது. "உது பாம்புக் கடிக்கு வைக்கிற மூலி, பிள்ளை. வேலியில கிடக்கட்டும் எண்டு உங்கட பெரியப்பா வெட்டாம விட்டவர்," என்றார் பெரியம்மா. நம் ஊர்ப்பக்கம் கதியால் வேலி போய் மதிலும் தகரமும் வந்தபிறகு இந்த மாதிரிக் கொடிகள் நிற்க இடமில்லாமல் போய்விட்டன. அதை நினைத்தால் எனக்கு மனவருத்தம்தான். வேலியை நம்பி வாழ்ந்தது கொடி மட்டும் இல்லை, அந்தக் கொடியை நம்பி வாழ்ந்தவையும் இருந்தன.

விதை எடுப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. காய் முதலில் பச்சையாக, ஆறு வரம்போடு உருண்டையாகத் தொங்கும். முற்றியதும் கபிலமாகி, காம்புப் பக்கத்திலிருந்து பிளந்து, காம்பும் ஆறு இழையாகக் கிழிந்து, தலைகீழாகத் தொங்கவிட்ட குடை மாதிரி விரிந்துகொள்ளும். உள்ளே தட்டையான விதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். விரிந்துவிட்டால் ஒரு காற்றுக்கே எல்லாம் பறந்துபோகும், ஏனென்றால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் மெல்லிய சவ்வு இறக்கை இருக்கிறது. அதனால் காய் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பத் தொடங்கியதும் பழைய நுளம்புவலைத் துண்டொன்றைச் சுற்றி நூலால் கட்டிவிடுகிறேன். எடுத்த விதையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பாகத் தடிப்பாக இருந்தால் நல்ல விதை, சவ்வு மட்டும் இருந்தால் பதர். நல்லதை வைத்திருக்காமல் உடனே போடுவது உத்தமம். மணலும் மக்கிய இலையும் கலந்த சட்டியில் மேலாகப் போட்டு, விரல் தடிப்புக்குக் குறைவாக மண் தூவி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால் போதும். முளைக்க ஒரு மாதம்கூட எடுக்கும். பொறுமை வேண்டும். முளைக்கவில்லை என்று சட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். முற்றிய தண்டை வெட்டி நட்டும் வேர் பிடிக்கவைக்கலாம், ஆனால் விதையில் வந்த கன்றின் வேர் பலமாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காட்டில் கண்டால் வேரோடு கிண்டி எடுக்காதீர்கள். மருந்துக்கென்று வேரைத் தோண்டித் தோண்டித்தான் பல இடங்களில் இது அருகிப்போகிறது.

நடுகிற காலம் நமக்கு ஐப்பசி. திருகோணமலைக்கு வருடத்தில் ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை என்றால் அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் மழையோடு நட்டால் மூன்று நான்கு மாதம் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லாமல் வேர் ஆழம் போகும். அதற்குப் பிறகு வைகாசி ஆனியில் கச்சான் காற்று தொடங்கி, பகலெல்லாம் சூடாக வீசி மண்ணை வறுத்தெடுக்கும்போது, ஆழம் போன வேர்தான் தாங்கும். சித்திரையில் நட்ட கன்று என்றால் நீங்கள் தினமும் வாளியோடு நிற்கவேண்டியதுதான்.

உவர்மலை மண் கிறவல் மண். அலவாங்கால் ஒன்றரை அடி தோண்டி, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மணலும் மக்கிய எருவும் வேப்பஞ்சருகும் கலந்து நிரப்பினேன். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணலாக இருப்பவர்கள் சருகையும் எருவையும் கூட்டிப் போடுங்கள், கன்றைச் சுற்றிப் பொச்சு பரப்புங்கள். எந்த மண் என்றாலும் மாரியில் தண்ணீர் கட்டி நிற்கக்கூடாது, நின்றால் வேர் அழுகும். நான் நிலமட்டத்துக்கு மேலே அரை அடி மண் மேடு கட்டித்தான் நடுகிறேன். கோடையில் கிழமைக்கு இரண்டு தரம் ஆறுதலாக, வேர்வரை இறங்குகிற மாதிரித் தண்ணீர். தினமும் மேலாகத் தெளிப்பதால் பிரயோசனம் இல்லை.

நிழல் எவ்வளவு? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். முழு வெயிலிலும் ஈஸ்வரமூலி உயிர்வாழும், ஆனால் நம் கோடையில் இலை சிறுத்து, மஞ்சளித்து, தோல் தடித்துவிடும். நிழலில் வளரும் இலை அகலம், மெல்லியது, பச்சை. முட்டையிலிருந்து அன்றைக்கு வந்த புழுவின் வாய்க்கு இந்த மெல்லிய இலைதான் சரி. ஆகவே நிழலைக் குறையென்று நினைக்காமல், இந்தச் செடிக்கு அது வசதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே நேரம் மண்டிய இருட்டிலும் வைக்காதீர்கள், அங்கே வளர்ச்சி மந்தம், தாய்ப்பூச்சியும் தேடி உள்ளே வருவது குறைவு. காலை வெயில் கொஞ்சமும், பிறகு மரத்தினூடாகச் சல்லடைத்து விழுகிற வெளிச்சமும் கிடைத்தால் போதும். கிழக்குப் பார்த்த சுவர் என்றால் மிக நல்லது. மேற்குப் பார்த்த சுவர் வேண்டாம், கச்சானும் பின்னேர வெயிலும் அதில்தான் மோதும்.

ஏறுவதற்குப் பிடி வேண்டும். கம்பியில் விட்டுப் பார்த்தவர்கள் வெயில் சூட்டில் தளிர் கருகுகிறது என்கிறார்கள். நான் சீமைக்கிளுவைக் கதியால் நான்கைந்து ஊன்றி, இடையில் தும்புக்கயிறு கட்டியிருக்கிறேன். கதியால் துளிர்த்துத் தானும் நிழல் தரும், வருடத்தில் ஒருதரம் வெட்டிக் குழையை எருவாகப் போடலாம். இன்னுமொரு விஷயம், நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு: மான். பிரட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் நகரத்தில் எங்கும் உலாவும், கேற் திறந்திருந்தால் வளவுக்குள் வந்து செவ்வரத்தையையும் மல்லிகையையும் மேய்ந்துவிட்டுப் போகும். எங்கள் ஈஸ்வரமூலியில் அவை இதுவரை வாய்வைக்கவில்லை. அந்த வாசத்துக்கே விலகிப்போகின்றன என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் கொடியை மூடிவையுங்கள். இது முக்கியம். கன்று ஒரு முழ உயரம் வந்தாலே தாய்ப்பூச்சி எங்கிருந்தோ மணம் பிடித்து வந்துவிடும், வந்தால் முட்டை வைக்கும், இரண்டு புழு போதும் அந்தக் கன்றின் இலையெல்லாம் தீர்ந்துபோக. இலையில்லாமல் இளம் வேர் கோடையைத் தாண்டாது, புழுவும் பசியில் செத்துப்போகும். நுளம்புவலையைக் கதியாலில் சுற்றிக் கட்டி ஒரு மாரியும் ஒரு கோடையும் கழியட்டும். அடுத்த மாரியில் கொடி தலைக்கு மேல் போனதும் வலையை அவிழ்த்துவிடலாம். ஒரு கொடியோடு நிற்காமல் குறைந்தது ஐந்தாறு வையுங்கள். நன்றாக வளர்ந்த கொடி ஒன்று நான்கைந்து புழுவைத்தான் கடைசிவரை வளர்த்துவிடும்.

வருகிறவை இரண்டு. கிரிம்சன் ரோஸ், கொமன் ரோஸ். இரண்டும் கறுப்புச் சிறகு, சிவப்பு உடல், பின்சிறகில் வால். கிரிம்சன் ரோசுக்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் இரத்தச் சிவப்புப் புள்ளிகள். கொமன் ரோசுக்குப் பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு. நம் தேசிய வண்ணத்துப்பூச்சியான பேர்ட்விங்குக்கும் ஈஸ்வரமூலி உணவுதான். மஞ்சளும் கறுப்புமாக, ஆறு அங்குலம் அளவுக்குச் சிறகு விரிக்கும், இலங்கையிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சி, வேறெந்த நாட்டிலும் இல்லை. அது ஈரவலயத்திலும் மலையடிவாரத்திலும்தான் அதிகம், எங்கள் வளவுக்கு வந்ததில்லை. குருநாகல், கண்டிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் விதை கொடுங்கள் என்பேன்.

தாய்ப்பூச்சி முட்டை வைப்பதை ஒருதரம் கிட்ட நின்று பாருங்கள். பூவுக்கு வருகிற பூச்சி மாதிரி நேரே வந்து இருக்காது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், படபடவென்று அடித்துக்கொண்டு, வேம்பங்கன்று, சீமைக்கிளுவை, அந்நேரம் அங்கே முளைத்த புல்லு என்று ஒவ்வொன்றிலும் தொட்டுத் தொட்டுப் போகும். முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்க்கிறது. காலில்தான் அதற்குச் சுவை தெரியும். ஈஸ்வரமூலித் தளிரைத் தொட்டதும் அந்த அவசரம் ஒரு கணம் நிற்கும், சிறகை அடித்தபடியே வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒரு முட்டை வைத்துவிட்டு எழும்பிவிடும். கடுகைவிடச் சற்றுச் சிறிய, செம்மஞ்சள் நிற உருண்டை. மூன்று நான்கு நாளில் புழு வெளியே வந்து முதலில் முட்டைக் கோதைத்தான் தின்னும், பிறகு இலையின் ஓரத்தில் தொடங்கும். வளர வளர ஊதாக் கறுப்பு உடலும், முதுகு முழுக்கச் சதைப்பிடித்த கொம்புகளும், கொம்பு நுனியில் செம்மஞ்சளுமாகத் தெரியும். நடுமுதுகில் வெள்ளைப் பட்டை குறுக்கே ஓடினால் அது கொமன் ரோஸ், பட்டை இல்லையென்றால் கிரிம்சன் ரோஸ். இலை தீர்ந்தால் தண்டின் பச்சைத் தோலையும் சுரண்டும். தலைக்குப் பின்னால் மெதுவாகத் தொட்டால் செம்மஞ்சளில் இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டிக் கெட்ட வாசம் விடும்.

பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் மயிர்க்கொட்டி என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். பக்கத்து வளவு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, உந்தப் புழுவெல்லாம் எங்கட பக்கம் வந்தா சின்னதுக்குக் கடிக்கப்போகுது, மருந்தடிச்சு விடன்" என்றார். ஒரு புழுவை என் புறங்கையில் ஏறவிட்டுக் காட்டினேன். மயிரும் இல்லை, கொட்டாது, கடிக்காது, ஈஸ்வரமூலியைத் தவிர மாமியின் தோட்டத்தில் எதையும் தின்னாது. இதைச் சொல்லி விளங்கவைப்பது நம் பொறுப்புத்தான். கறிவேப்பிலைக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்தாலே புழு செத்துவிடும், ஆகவே அயலோடு கதைத்து வைக்காமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. மாமியின் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து எத்தனை புழு என்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். மாமியின் தேசிமரத்துப் புழுக்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவை கொமன் மோர்மன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், முதலில் பறவை எச்சம் மாதிரித் தெரியும், பிறகு பச்சையாகும். இதில் ஓர் ஆச்சரியம்: கொமன் மோர்மனின் பெண் பூச்சிகளில் சில கிரிம்சன் ரோசைப் போலவும் சில கொமன் ரோசைப் போலவும் வேடம் போடுகின்றன. ரோஸ் இரண்டும் ஈஸ்வரமூலியின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைப்பதால் குருவிகள் தொடாது, அந்தப் பயத்தை மோர்மன் பயன்படுத்திக்கொள்கிறது. உடலைப் பாருங்கள். உடல் சிவப்பாக இருந்தால் ரோஸ், கறுப்பாக இருந்தால் மோர்மன்.

குருவி தொடாது என்பதால் எதிரி இல்லை என்று நினைக்கவேண்டாம். எறும்பு முட்டையைத் தூக்கும். மாமரத்திலிருந்து முசுறு இறங்கி வந்தால் சிறு புழுக்கள் தப்பாது, கொடியைத் தொடுகிற மாங்கிளையை வெட்டிவிடுங்கள். சிறு குளவிகள் முட்டைக்குள்ளும் புழுவுக்குள்ளும் தங்கள் முட்டையை வைத்துவிடும். அதை நான் தடுப்பதில்லை, அதுவும் அந்த ஒடுக்குக்குச் சொந்தமானதுதான்.

டெங்குப் புகை பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனதை இந்த மாவட்டத்தில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். ஆகவே பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) நுளம்புக்குப் புகையடிக்க வந்தால் தடுக்காதீர்கள், தடுக்கவும் கூடாது. வருகிறார்கள் என்று தெரிந்ததும் புழுவோடு கொடிக்கிளையை வெட்டி, வாய் ஒடுங்கிய தண்ணீர்ப் போத்தலில் செருகி, போத்தல் வாயைப் பஞ்சால் அடைத்து (இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கும்), வீட்டுக்குள் கதவு சாத்தி வையுங்கள். புகையடித்த பிறகு இரண்டு மூன்று நாள் பொறுத்து, கொடியை நன்றாகத் தண்ணீர் பீச்சிக் கழுவிவிட்டுத் திருப்பி விடலாம். ஒடுக்கான நிழலிடம் நுளம்புக்கும் பிடித்த இடம் என்பதால் சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள், சிரட்டை, ரின் ஒன்றும் கிடக்கக்கூடாது. நம் கொடியால் ஒரு நுளம்புகூட உருவாகக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

புழு இரண்டு மூன்று கிழமையில் வளர்ந்து முடியும். கூடு கட்டுவதற்கு அது கொடியை விட்டு இறங்கிப் போய்விடும், இலையெல்லாம் தின்றுவிட்டுப் புழு காணாமல் போனால் பயப்படவேண்டாம். சுவரில், ஜன்னல் கட்டையின் அடியில், கதிரைக் காலில், துலாவிய இடமெல்லாம் கூடு இருக்கும். இளஞ்சிவப்புக் கபிலமாக, பக்கங்களில் இதழ் மடித்த மாதிரித் தகடுகளோடு, இடுப்பில் ஒரு நூல் சுற்றிச் சாய்ந்து தொங்கும். பட்ட இலையென்று நினைத்து ஈர்க்குக்கட்டையால் தட்டிவிடுவது சுலபம், அதனால் அந்த நாட்களில் ஒடுக்கைக் கூட்டுவதில்லை, சுண்ணாம்பு பூசுவதில்லை. இரண்டு கிழமை அளவில் காலையில் பூச்சி வெளியே வரும். சிறகு நனைந்து சுருங்கியிருக்கும், காயும்வரை தொடாதீர்கள்.

மொட்டையான கொடியைப் பார்த்து மனம் கலங்குகிறவர்கள் நிறையப் பேர். தோட்டம் என்றால் இலை பச்சையாக, ஓட்டையில்லாமல் இருக்கவேண்டும் என்று பழகிவிட்டோம். இந்தச் செடியில் இலை இருப்பது தின்னப்படுவதற்காகவே. தின்று முடிந்ததும் காய்ந்த தண்டை ஒரு முழம் விட்டு வெட்டி, ஒரு கூடை எருப் போட்டு, தண்ணீர் விட்டால் ஒரு மாதத்தில் மறுபடி தளிர் வரும், அந்தத் தளிரைத் தேடி மறுபடி பூச்சி வரும். ஒரே கொடியை அடுத்தடுத்து இரண்டு தரம் மொட்டையாக விடாமல், இளைப்பாறவேண்டிய கொடிக்கு வலை போட்டுவிடுங்கள். வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டும். வெட்சி, பட்டிப்பூ, கிருஷ்ண கிரீடம் எதுவும் வெயில்பட்ட பக்கத்தில் இருந்தால் போதும். நாயுண்ணிப் பூவுக்கும் ஆசையாக வரும், ஆனால் அது நம் காடுகளை மூடுகிற வெளிநாட்டுப் பற்றை, வீட்டில் வைத்துப் பரப்பவேண்டாம்.

அடுத்தது உயிரோடு சம்பந்தப்பட்டது. ஈஸ்வரமூலியை மருந்தென்று குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் நம் முன்னோர் வேரை அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. சிறுநீரகத்தைத் திரும்பப் பெறமுடியாதபடி கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென்று மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலருக்கு இதனால் சிறுநீரகம் செயலிழந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், அங்கேதான் விஷமுறிவு ஊசி இருக்கிறது. கொடியை வெட்டினால் கை கழுவுங்கள். இலையைத் தொடுவதால், பக்கத்தில் நிற்பதால் ஒன்றும் இல்லை, வாய்க்குள் போகாமல் பார்த்தால் சரி. பெரியம்மாவிடமும் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப பூச்சிக்கே இருக்கட்டும்" என்றார்.

வாங்கும்போதும் கவனம். பெரிய வாத்துமூஞ்சி மாதிரிப் பூ பூக்கிற, அல்லது ஊதாப் புள்ளிபோட்ட பெரிய பூப் பூக்கிற கொடிகளை இதே குடும்பம் என்று சொல்லிச் சில இடங்களில் விற்பார்கள். அவை தென்னமெரிக்கச் செடிகள். அவுஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற வண்ணத்துப்பூச்சி, தோட்டத்துக்குக் கொண்டுவந்த தென்னமெரிக்க அரிஸ்டோலோகியாவில் முட்டை வைக்கிறது, அந்த இலையைத் தின்ற புழுக்கள் செத்துப்போகின்றன. தாய்ப்பூச்சிக்கு மணம் சரியாகத் தெரிகிறது, நஞ்சு வேறாக இருக்கிறது. நம் பூச்சிக்கு நம் கொடியையே வையுங்கள்.

வளவு இல்லை, மாடிவீட்டு பல்கனிதான் என்று கேட்டவர்களுக்கு: வளர்க்கலாம். பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத ஆழமான சட்டி, வேர் ஆழம் போகிறது என்பதால் அகலத்தைவிட ஆழம் முக்கியம். அடியில் ஓட்டை நன்றாக விட்டு, செங்கல் துண்டு போட்டு, மேலே மணல், எரு, தும்புச்சோறு கலந்த மண். கடல்காற்று நேரே அடிக்கிற பக்கம் வேண்டாம், உப்பில் தளிர் நுனி கருகும். மூன்று சட்டி வைத்து, ஒன்றைத் திறந்தும் மற்ற இரண்டை வலைக்குள்ளும் மாற்றி மாற்றி வைத்தால் இலைக்குப் பஞ்சம் வராது. கீழ்மாடிகளில் தாய்ப்பூச்சி வருவது சுலபம், உயரம் போகப் போகத் தாமதமாகும், வெட்சிச் சட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அதுக்காவது வந்து கொடியைக் கண்டுபிடிக்கும். இந்த வருடம் காய் நிறையப் பிடித்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் நுளம்புவலை கட்டியாயிற்று. ஐப்பசிக்கு முன் கன்றாக்கி அயலில் கேட்டவர்களுக்கும் தம்பலகாமத்தில் மதில் கட்டாமல் இன்னும் வேலியோடு இருக்கிற வீடுகளுக்கும் கொடுக்கிறதாக இருக்கிறேன்.